சீனப் பணம் வெளியே போகும் வழியும் அதைத் திறக்கும் ஆட்களும்

கேள்வி இதுதான்: சீன நிறுவனங்கள் அந்நிய நாட்டில் முதலீடு செய்யும்போது தெரிந்தவர், ஊர்க்காரர், பழைய சகா என்ற தொடர்புகள் உண்மையில் எவ்வளவு வேலை செய்கின்றன? அல்லது அது வெளியாட்கள் ஊதிப் பெரிதாக்கிய பேச்சா?

வேலை செய்கின்றன, நிறையவே. ஆனால் "தொடர்பு" என்று பொதுவாகச் சொல்வது மூன்று தனித்தனி வலைகளை. முதலாவது சீனாவுக்குள்ளேயே, மாகாண அலுவலகங்களோடும் அரசு வங்கிகளோடும் இருப்பது. இரண்டாவது, ஒரே ஊரிலிருந்தும் ஒரே தொழிலிலிருந்தும் வெளியே போனவர்களுக்குள் இருப்பது. மூன்றாவது, போய்ச் சேர்ந்த நாட்டின் அரசியல்வாதியோடும் உள்ளூர்க் கூட்டாளியோடும் ஏற்படுத்திக்கொள்வது. பத்திரிகைகள் மூன்றாவதைப் பற்றித்தான் எழுதுகின்றன. பணம் புறப்படுவது முதலாவதால், தொழிற்சாலை ஓடுவது இரண்டாவதால். முதலீடு சிக்கிக்கொள்வது பெரும்பாலும் மூன்றாவதால்.

முதலாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு சீன நிறுவனம் தன் பணத்தை நாட்டுக்கு வெளியே சட்டப்படி கொண்டுபோக மூன்று இடங்களைத் தாண்ட வேண்டும். தேசிய வளர்ச்சி சீர்திருத்த ஆணையம் திட்டத்தைப் பதிகிறது. வணிக அமைச்சு வெளிநாட்டு முதலீட்டுச் சான்றிதழ் தருகிறது. அந்நியச் செலாவணிப் பதிவை 2015 ஜூன் முதல் வங்கிகளே செய்கின்றன. 2018 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் ஆணைய விதிப்படி, 30 கோடி டாலருக்குக் குறைவான, கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத திட்டத்தை உள்ளூர் நிறுவனம் ஒன்று தன் மாகாண அலுவலகத்தில் பதிந்தாலே போதும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு 7 வேலை நாள். வணிக அமைச்சின் பதிவுக்கு 3 வேலை நாள். பீஜிங்கின் முழு ஒப்புதல் தேவைப்படுவது வேறு வகைக்கு: சீனாவோடு தூதரக உறவு இல்லாத நாடுகள், போர் நடக்கும் இடங்கள், ஆயுதம், செய்தி ஊடகம், எல்லை தாண்டும் ஆற்றுநீர். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ரியல் எஸ்டேட், ஓட்டல், திரையரங்கு, விளையாட்டுக் கழகம் ஆகியவையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

காகிதத்தில் இது பத்து நாள் வேலை. நடப்பில் 7 நாள் என்ற கணக்கு விண்ணப்பம் "ஏற்கப்பட்ட" நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் எத்தனை முறை கோப்பு திருப்பி அனுப்பப்படும் என்பதை எந்த விதியும் சொல்வதில்லை. 2016இல் சீனாவின் வெளிநாட்டு நேரடி முதலீடு 19,600 கோடி டாலரைத் தொட்டது. யுவான் சரியத் தொடங்கியதும், அந்த ஆண்டின் இறுதியில் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட அனுப்பீடுகளை அதிகாரிகள் தனித்தனியே நோண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே தொகை 15,800 கோடியாக இறங்கியது. இத்தகைய காலத்தில் மாகாண அலுவலகத்தில் ஒருவரைத் தெரிந்திருப்பதன் மதிப்பு, அவர் விதியை மீறித் தருவார் என்பதில் இல்லை. எந்தத் தொழில் வகையின் கீழ் பதிந்தால் கோப்பு நகரும், எந்த ஆவணம் இல்லாமல் போனால் திரும்பும், இந்த மாதம் கொடுக்கலாமா அடுத்த காலாண்டுவரை காத்திருக்கலாமா என்பதை அவர் முன்கூட்டியே சொல்வார். இந்தத் தகவல் எந்த அறிவிப்பிலும் வராது.

வங்கி மேலாளருடனான பழக்கமும் அப்படித்தான். முழுப் பதிவு முடிவதற்குள் ஆய்வுப் பயணம், நில முன்பணம், வழக்கறிஞர் கட்டணம் போன்றவற்றுக்கு முன்செலவு என்று பணம் அனுப்ப வழி உண்டு. அது சீனத் தரப்பு மொத்த முதலீட்டில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; முன்பு இருந்த 30 லட்சம் டாலர் உச்சவரம்பு 2023 டிசம்பரில் நீக்கப்பட்டது. இப்படி ஒரு வழி இருப்பதே பல சிறு முதலாளிகளுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் உண்டியல் வழியை, அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் வழியை, பிடிக்கிறார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

அரசு நிறுவனங்களுக்கு இதே வலை வேறு உருவத்தில் இருக்கிறது. துறைமுகம், மின்நிலையம், சாலை போன்ற பெரிய வேலைகளில் பீஜிங் உட்கார்ந்து திட்டம் போட்டு நிறுவனத்தை அனுப்புகிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பல நேரங்களில் நடப்பது தலைகீழ். அந்த நாட்டில் ஏற்கெனவே ஒரு பாலமோ சாலையோ கட்டிக்கொண்டிருக்கும் சீன ஒப்பந்த நிறுவனத்தின் உள்ளூர் மேலாளர், அமைச்சகத்தில் பழகி, எந்தத் திட்டம் அலமாரியில் தூங்குகிறது என்று கண்டுபிடிக்கிறார். சாத்திய ஆய்வைத் தன் செலவில் செய்துகொடுக்கிறார். பிறகு அந்த அரசே சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் கடன் கேட்கிறது. இடையில் சீனத் தூதரகத்தின் பொருளாதாரப் பிரிவு ஆதரவுக் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதம் ஒரே திட்டத்துக்கு மோதும் இரண்டு சீன நிறுவனங்களில் யாருக்குப் போகிறது என்பதில்தான் பழக்கம் பேசுகிறது. இந்த வகையில் உறவு உண்மையில் மேலாளரின் தனிப்பட்ட சொத்து. அவர் மாற்றலாகிப் போனதும் அமைச்சகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. கவனமான நிறுவனங்கள் எந்தச் சந்திப்புக்கும் ஒருவரைத் தனியாக அனுப்புவதில்லை.

இரண்டாவது வலைதான் தனியார் முதலீட்டின் உயிர். ஆப்பிரிக்காவில் 10,000க்கும் மேற்பட்ட சீன நிறுவனங்கள் இயங்குவதாகவும் அவற்றில் சுமார் 90 சதவீதம் தனியாருடையவை என்றும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2017இல் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பான்மைக்கு அரசு வங்கிக் கடன் கிடைக்கும் வாய்ப்பே இல்லை. அப்படியானால் முதல் பணம் எங்கிருந்து வருகிறது?

செஜியாங் மாகாணத்தின் வென்ஜோ நகரத்தைப் பார்த்தால் புரியும். இத்தாலியின் பிராட்டோ நகரில் உடை தைக்கும் தொழிலைக் கைப்பற்றியவர்களும் பாரிஸ் புறநகர் ஓபர்வில்லியேயில் மொத்த வணிகம் நடத்துபவர்களும் பெரும்பாலும் இந்த வட்டாரத்து ஆட்கள். அங்கே பணம் புரட்டும் முறை நம் ஊர் ஏலச்சீட்டேதான். குறிப்பிட்ட உறுப்பினர்கள் மாதந்தோறும் பணம் போடுகிறார்கள், அவசரம் உள்ளவர் தள்ளுபடி ஏலம் கேட்டு எடுக்கிறார், நடத்துபவர் முதல் தவணையை எடுத்துக்கொள்கிறார். அடமானம் கிடையாது. ஊரில் இருக்கும் குடும்பத்தின் பெயரே அடமானம். பிராட்டோவில் ஒருவர் கட்டாமல் ஓடினால் வென்ஜோவில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு ஆள் போகும். இத்தாலிய நீதிமன்றம் தரமுடியாத வேகத்தில் வசூல் நடக்கும்.

பணத்தோடு இன்னும் சிலவற்றையும் இந்த வலை தருகிறது. புதிதாக வருபவர் முதலில் ஊர்க்காரர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். பிறகு இரண்டு மூன்று தையல் எந்திரத்தோடு துணை ஒப்பந்தம் எடுக்கிறார். துணி கடனில் வருகிறது, விற்ற பிறகு கொடுத்தால் போதும். எந்தக் கட்டட உரிமையாளர் சீனருக்கு வாடகைக்கு விடுவார், எந்தக் கணக்காளர் நம்பத்தக்கவர், எந்தத் தேதியில் ஆய்வாளர் வருவார் என்பதெல்லாம் வீசாட் செயலிக் குழுவில் ஓடுகிறது. நிறுவனம் தொடங்கிய முதல் ஆண்டில் செய்யும் விலையுயர்ந்த தவறுகளில் பாதியை இது தடுத்துவிடும்.

ஆனால் இதே வலைக்கு ஒரு கொடிய குணம் உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் ஜாமீன் நிற்பதால் ஒருவர் விழுந்தால் வரிசையாக விழுவார்கள். 1986ஐ ஒட்டி வென்ஜோ வட்டாரத்தில் சீட்டுகள் பெருமளவில் உடைந்தன. 2011இல் வட்டிக்கடன் நெருக்கடி வந்தபோது ஆலை முதலாளிகள் ஊரைவிட்டே ஓடினார்கள், அவர்களுக்குப் பரஸ்பர உத்தரவாதம் கொடுத்திருந்த நல்ல நிறுவனங்களும் மூழ்கின. வெளிநாட்டுக் கிளையில் லாபம் வந்துகொண்டிருந்தாலும், ஊரில் போட்ட ஒரு கையெழுத்து அதை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால், சீனக் கூட்டாளியின் பலத்தை அளப்பவர்கள் அவருடைய சொத்துக் கணக்கைவிட அவர் யாருக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார் என்ற பட்டியலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உண்டியல் விஷயமும் இங்கேதான் வருகிறது. சீனக் குடிமகன் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு ஈடான வெளிநாட்டுப் பணம்தான் வாங்கலாம், அதையும் தொழில் முதலீட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஆகவே ஊரில் யுவானைக் கொடுத்து வெளிநாட்டில் யூரோவாக வாங்கிக்கொள்கிறார்கள். பணம் எல்லை தாண்டுவதே இல்லை, இரண்டு பேரேடுகள் மட்டும் நேர்செய்யப்படுகின்றன. இது சீனச் சட்டப்படி குற்றம். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் தெரியும்: முதலீடு உள்ளே வந்ததற்குச் சான்று இல்லாததால் லாபத்தைத் தாய்நாட்டுக்கு வெளிப்படையாகக் கொண்டுபோக முடியாது, நிறுவனத்தைப் பங்குச்சந்தையில் பட்டியலிட முடியாது, விற்கும்போது வாங்குபவரின் தணிக்கையாளர் கோப்பை மூடிவிடுவார். எதிர்த்திசையிலும் இப்படித்தான். 2006 முதல் 2010 வரை இத்தாலியிலிருந்து சீனாவுக்குப் போன 450 கோடி யூரோவுக்கும் அதிகமான அனுப்பீடுகளை இத்தாலிய அதிகாரிகள் துருவினார்கள். அந்த வழக்கில் பேங்க் ஆஃப் சைனாவின் மிலான் கிளை 2017இல் 6 லட்சம் யூரோ அபராதத்துக்கு உடன்பட்டு முடித்துக்கொண்டது.

மூடிய வலையின் மனித விலையையும் சொல்லாமல் விடமுடியாது. 2013 டிசம்பர் 1ஆம் தேதி பிராட்டோவில் ஒரு தையல் பட்டறை எரிந்து, அங்கேயே தூங்கிக்கொண்டிருந்த 7 சீனத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஊர்க்காரரிடம் வேலை செய்பவர் ஊர்க்காரர் மேல் புகார் கொடுக்கமாட்டார். முதலாளிக்குச் சாதகமான இந்த மௌனம்தான் மலிவான விலையின் ஒரு பகுதி.

இதே வட்டாரத்து வலை கனரகத் தொழிலில் எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்கு இந்தோனேசிய நிக்கலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சிங்ஷான் குழுமம் வென்ஜோவில் பிறந்தது, அதன் தலைவர் ஷியாங் குவாங்தா. சுலாவெசித் தீவின் மோரோவாலியில் சுரங்க உரிமம் வைத்திருந்த பிந்தாங் டெலாபான் என்ற உள்ளூர்க் குழுமத்தோடு சேர்ந்தார்கள். தொழிற்பேட்டைக்கான ஒப்பந்தம் 2013 அக்டோபரில் ஜகார்த்தாவில் சீன அதிபர் ஷி ஜின்பிங், அப்போதைய இந்தோனேசிய அதிபர் யுதயோனோ இருவர் முன்னிலையில் கையெழுத்தானது. மூன்று மாதத்தில், 2014 ஜனவரியில், கனிமத்தைச் சுத்திகரிக்காமல் ஏற்றுமதி செய்ய இந்தோனேசியா தடை போட்டது. மற்றவர்கள் திகைத்து நின்றபோது இவர்கள் உலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கவனிக்கவேண்டியது கட்டமைப்பு. துறைமுகத் தளம், மின்சாரம், விமான ஓடுபாதை ஆகியவை பேட்டையின் பொறுப்பு. உள்ளே ஒவ்வொரு உலையும் தனி நிறுவனம், ஒவ்வொன்றிலும் பங்காளிகளின் கலவை வேறு. வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தில் பங்கு எடுக்கிறார், எந்திரம் தருபவர் இன்னொன்றில். ஹுவாயூ கோபால்ட் என்ற சீன நிறுவனம் மோரோவாலியிலும் ஹல்மஹேரா தீவின் வேதா பேயிலும் சிங்ஷானோடு கூட்டு. வேதா பே பேட்டையின் மூன்றாவது பங்காளியான ஷென்ஷி குழுமமும் ஹுவாயூவும் செஜியாங்கின் ஒரே சிறு நகரத்திலிருந்து வந்தவை. சிங்ஷானும் அதே மாகாணம். இவர்களுக்குள் பேச்சு முடிய முதலீட்டு வங்கி தேவைப்படுவதில்லை. நஷ்டத்தையும் பங்குபோட்டுக்கொள்வதால் ஒருவர் பாதியில் விலகினாலும் பேட்டை நிற்காது. என் கணிப்பில், வேகமாகக் கட்டி முடிப்பதில் மேற்கத்திய சுரங்க நிறுவனங்கள் இவர்களிடம் தோற்றதற்குத் தொழில்நுட்பத்துக்கு இணையான காரணம் இந்த ஏற்பாடு.

தொழிலாளர் பக்கம் இந்த வலை நீளவில்லை. மேற்பார்வையாளர் சீன மொழி, உலையடி ஆள் இந்தோனேசிய மொழி, நடுவில் மொழிபெயர்ப்பாளர் போதாது. பாதுகாப்பு எச்சரிக்கை அந்த இடைவெளியில் தொலைகிறது. 2023 ஜனவரியில் வடக்கு மோரோவாலியில் வேறொரு சீன நிறுவனத்தின் ஆலையில் நடந்த மோதலில் இரண்டு நாட்டைச் சேர்ந்த தொழிலாளர்களும் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மோரோவாலிப் பேட்டையின் உலை வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள்.

இனி மூன்றாவது வலை, ஆட்சியாளரோடு கைகுலுக்குவது. ஆரம்பத்தை இது அதிசயமாகச் சுருக்கும். எத்தியோப்பியப் பிரதமர் மெலெஸ் செனாவி 2011 ஆகஸ்டில் ஷென்சென் போனபோது குவாங்தொங்கின் ஹுவாஜியான் காலணி நிறுவனத்தை நேரடியாக அழைத்தார். அவரைச் சீன ஆலைகளின் பக்கம் திருப்பியவர்களில் ஒருவர் அப்போது உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ஜஸ்டின் இஃபு லின். 2012 ஜனவரியில் அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே துகெமில் காலணி உற்பத்தி ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கடல் இல்லாத நாட்டின் போக்குவரத்துச் செலவையும் டாலர் தட்டுப்பாட்டையும் பிரதமரின் நட்பால் குறைக்க முடியவில்லை. மெலெஸ் 2012 ஆகஸ்டிலேயே இறந்தார். திக்ரே போர் காரணமாக 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் சுங்கவரிச் சலுகையையும் எத்தியோப்பியா இழந்தது.

கொழும்புத் துறைமுக நகரம் இன்னும் தெளிவான பாடம். 269 ஹெக்டேர், 140 கோடி டாலர். 2014 செப்டம்பரில் ஷி ஜின்பிங்கும் மஹிந்த ராஜபக்சவும் சேர்ந்து தொடக்கி வைத்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, மார்ச்சில் வேலை நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு 3,80,000 டாலர் நஷ்டம் என்று சைனா ஹார்பர் நிறுவனம் சொன்னது. 2016 ஆகஸ்டில் புது ஒப்பந்தம் போட்டபோது, முன்பு 20 ஹெக்டேர் முழு உரிமையாகக் கிடைக்கவிருந்த நிலமும் 99 ஆண்டுக் குத்தகையானது. மலேசியாவின் கிழக்குக் கரை ரயில் திட்டமும் இதே வழியில் போனது: பிரதமர் நஜீப் காலத்தில் ஒப்பந்தம், 2018 ஜூலையில் மகாதீர் அரசின் தடை, 2019 ஏப்ரலில் 6,550 கோடி ரிங்கிட் 4,400 கோடியாக இறங்கியது. இரண்டு இடத்திலும் திட்டம் சாகவில்லை. பழைய நண்பர் போனதற்கு விலை கட்டப்பட்டது.

செக் குடியரசில் அறுந்தது சீனப் பக்கத்துக் கயிறு. சிஇஎஃப்சி என்ற எரிசக்தி நிறுவனத்தின் தலைவர் யே ஜியான்மிங், அப்போதைய செக் அதிபர் மிலோஷ் சீமானின் ஆலோசகராகவே நியமிக்கப்பட்டவர். பீர் ஆலை, கால்பந்துக் கழகம், விமான நிறுவனம் என்று பிராகில் வாங்கிக் குவித்தார்கள். 2018 தொடக்கத்தில் யே சீனாவில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டார். சில மாதங்களில் ஐரோப்பியச் சொத்துகள் அரசின் சிடிக் குழுமத்தின் கைக்குப் போயின. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டில் 14 சதவீதம் வாங்கும் 910 கோடி டாலர் பேரமும் கலைந்தது. அந்த நிறுவனத்துக்காகச் சாத், உகாண்டா அதிகாரிகளுக்கு லஞ்சம் ஏற்பாடு செய்ததாக ஹாங்காங்கின் பேட்ரிக் ஹோவுக்கு நியூயார்க்கில் 2019இல் 3 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் தருவது 2011 மே முதல் சீனச் சட்டத்திலும் குற்றம். "அங்கே அப்படித்தான் நடக்கும்" என்ற பேச்சு இப்போது எந்தப் பக்கத்திலும் காப்பாற்றாது.

தலைநகரில் மட்டும் ஆள் பிடிப்பதன் இன்னொரு குறை வடக்கு இலங்கையில் தெரிந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் மின்திட்டம் ஒன்று 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. டில்லியின் எதிர்ப்பில் அது நின்று, 2022 மார்ச்சில் இந்திய உதவிக்கு மாறியது. 2021இலேயே கௌதாரிமுனையின் சீனக் கடலட்டைப் பண்ணையை உள்ளூர் மீனவர்கள் எதிர்த்தார்கள். சீனத் தூதர் வேட்டி கட்டி யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு, அந்த டிசம்பரில். கடற்கரையில் தொழில் தொடங்குபவர் கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசவேண்டியது உரிமம் வாங்குவதற்கு முன்.

உள்ளூர்க் கூட்டாளி விஷயத்தில் மிகப் பெரிய பொறி பினாமி. நிலமோ பங்கோ அந்நியர் பெயரில் இருக்கக்கூடாது என்றால் நம்பிக்கையான ஒருவர் பெயரில் எழுதி, தனியாக ஒரு ரகசிய ஒப்பந்தம் போடுவது வழக்கம். இந்தோனேசியாவின் 2007ஆம் ஆண்டு முதலீட்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அந்தப் பங்கு ஒப்பந்தத்தையே செல்லாததாக்குகிறது. தாய்லாந்தின் 1999ஆம் ஆண்டு அந்நியர் வணிகச் சட்டத்தில் பெயர் கொடுப்பவருக்கும் 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் அபராதம். ஆக, சண்டை வந்தால் ரகசிய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டவே முடியாது. நண்பர் நல்லவராகவே இருந்தாலும் அவர் இறந்ததும் சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர்களுக்கு நீங்கள் யாரோ.

சீனத் தரப்போடு கூட்டுச் சேர நினைப்பவர்கள் அறிமுகம் செய்துவைத்தவரின் செல்வாக்கைக் கேட்டு மயங்காமல் சில காகிதங்களைக் கேட்கலாம். நிறுவனத்தின் 18 இலக்க/எழுத்துப் பதிவுக் குறியீட்டை (சீனாவில் இதன் பெயர் சமூக நம்பகக் குறியீடு) சீன அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பங்குதாரர், முதலீட்டுத் தொகை, தண்டனைப் பதிவு எல்லாம் அங்கே இருக்கும். ஆணையத்தின் பதிவு அறிவிப்பு, வணிக அமைச்சின் சான்றிதழ், வங்கியின் செலாவணிப் பதிவு மூன்றையும் கேளுங்கள். மூன்றிலும் திட்டத்தின் பெயரும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். "பணம் ஹாங்காங்கில் தயாராக இருக்கிறது" என்று பதில் வந்தால், அது எந்தப் பதிவின் கீழ் அங்கே போனது என்று கேளுங்கள். தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழில் தேதியையும் பாருங்கள். பெற்ற நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முதலீடு தொடங்கவில்லையென்றால் அது தானாகவே காலாவதியாகிவிடும், புதிதாக எடுத்துவரச் சொல்ல வேண்டும்.